பாறைக்கு ஈடாகப் படிகம்: கதிர்வீச்சு உணர்கருவிக் குறைகடத்திகளின் வரலாற்றில் மதுரை

ஆய்வுச் சுருக்கம்

கதிர்வீச்சை உணரப் பயன்படும் குறைகடத்திப் படிகங்களின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை அதனை வெப்பத்தின் வரலாறாக அணுகுகிறது. ஒரு படிகத்தின் ஆற்றல் இடைவெளி, அது ஒளியை உட்கவரும் ஆழம், அதனுள் மின்னூட்டங்கள் வாழும் காலம் ஆகிய பண்புகளே எப்படிகம் எவ்வெப்பநிலையில் பயன்படும் என்பதைத் தீர்மானித்தன. ஜகதீஷ் சந்திர போஸின் கலீனாவிலிருந்து மதுரை மியூவான் விலக்குக் கருவியின் சிலிக்கான் ஒளிப்பெருக்கிகள் வரை அத்தீர்மானம் இந்திய ஆய்வில் எடுத்த வடிவங்கள் இங்கு ஆராயப்படுகின்றன. படிக வளர்ச்சி ஆய்வு செழித்த தமிழகத்திலும் இக்கருவிகளுக்கான படிகங்கள் வெளியிலிருந்தே வந்தமைக்கான காரணமும் விவாதிக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: குறைகடத்தி, ஆற்றல் இடைவெளி, ஜெர்மானியம், காட்மியம் துத்தநாக டெல்லூரைடு, சிலிக்கான் ஒளிப்பெருக்கி, நியூட்ரினோ, மதுரை, போடி மேற்கு மலை

முன்னுரை

மதுரை மாநகரின் வடமேற்கு விளிம்பிலுள்ள ஆனையூரில், ஒரு வீட்டின் மொட்டைமாடியில் உள்ளங்கையை விரித்து ஒரு நிமிடம் நின்றால் அதனூடே நூறு மியூவான்கள் அளவில் கடந்து செல்லும். வானின் மேலடுக்கில் அண்டக்கதிர்கள் காற்றின் அணுக்களோடு மோதுவதால் பிறக்கும் இத்துகள்கள், கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்று என்ற கணக்கில் விழுகின்றன. மனிதருக்கு அவற்றின் வருகை தெரிவதில்லை. நியூட்ரினோவைத் தேடும் ஆய்வாளருக்கோ அவையே முதல் இடையூறு. நியூட்ரினோ மிக அரிதாகவே பருப்பொருளோடு வினைபுரியும். பல்லாயிரம் டன் இரும்பு கொண்ட கருவியிலும் நாளொன்றுக்குச் சில நிகழ்வுகளையே எதிர்பார்க்க முடியும். அச்சிலவற்றை மியூவான் மழை மறைத்துவிடும்.

இவ்விடையூற்றை நீக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, மியூவான்கள் எட்டாத ஆழத்திற்குப் பாறையடியில் செல்வது. மற்றொன்று, வரும் மியூவான் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு கணக்கிலிருந்து நீக்குவது. முதல் வழி இந்திய இயற்பியலைக் கோலார் தங்கச் சுரங்கத்திற்கும், பின்னர் தேனி மாவட்டத்தின் போடி மேற்கு மலைக்கும் இட்டுச் சென்றது. இரண்டாம் வழி மதுரையில் சோதிக்கப்படுகிறது. அச்சோதனை இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிக்கான் படிகத் துண்டுகளை நம்பியுள்ளது. ஒரு கிலோமீட்டர் பாறைக்கு ஈடாகச் சிறு படிகமொன்றை முன்வைக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ள, உணர்கருவிப் படிகங்களின் நூற்றாண்டு வரலாற்றைப் பின்தொடர வேண்டியுள்ளது.

போஸின் கலீனா

குறைகடத்திப் படிகமொன்றை உணர்கருவியாகப் பயன்படுத்தியதற்கான முதல் காப்புரிமை இந்தியர் ஒருவருடையது. ஜகதீஷ் சந்திர போஸ் 1901இல் அமெரிக்காவில் விண்ணப்பித்த அக்காப்புரிமை 1904 மார்ச்சில் வழங்கப்பட்டது. இயற்கையில் கிடைக்கும் ஈயச் சல்பைடுப் படிகமான கலீனாவின்மீது உலோக முனை ஒன்றை மெல்லத் தொடவைத்து, மின்காந்த அலை படும்போது அத்தொடுமுனையின் மின்கடத்தும் தன்மை மாறுவதை அவர் கண்டறிந்தார். காப்புரிமையில் நாட்டமில்லாத அவரை நண்பர்களே வற்புறுத்தி இதற்கு இணங்கவைத்தனர். பெல் ஆய்வகத்தின் பியர்சனும் பிராட்டனும் 1955இல் குறைகடத்தி ஆய்வின் வரலாற்றை எழுதியபோது வானொலி அலைகளைப் படிகத்தால் உணர்ந்த முதன்மையைப் போஸுக்கே அளித்தனர்.

போஸின் கருவி நுண்ணலைக்கு மட்டுமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கும் புலனாகாத கதிர்களுக்கும் எதிர்வினை காட்டியது. அவர் அதனைச் செயற்கை விழித்திரையாகக் கருதினார். இன்றைய அறிவின்படி இங்கு இரு வேறு நிகழ்வுகள் கலந்துள்ளன. கலீனாவின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 0.4 எலக்ட்ரான் வோல்ட். புலனாகும் ஒளியின் ஃபோட்டான் அதைப்போல் நான்கு முதல் எட்டு மடங்கு ஆற்றல் உடையது. அது படிகத்தினுள் எலக்ட்ரானை விடுவிக்கிறது. போஸ் பயன்படுத்திய நுண்ணலையின் ஃபோட்டானோ அவ்விடைவெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாதது. அதனால் எலக்ட்ரானை விடுவிக்க இயலாது. தொடுமுனையின் ஒருவழிக் கடத்தலாலேயே அது உணரப்பட்டது. ஆலன் வில்சன் 1931இல் பட்டைக் கொள்கையை வகுக்கும்வரை இவ்வேறுபாட்டைச் சொல்லும் மொழியே இயற்பியலில் இல்லை. எனவே போஸை அணுக்கதிர் உணர்கருவியின் தந்தை என்று போற்றுவது மிகையாகும். கதிர்வீச்சை உணரும் உறுப்பாகப் படிகத்தையே நேரடியாக நிறுத்தியது அவருடைய சாதனை. அதுவே போதிய பெருமை.

இடைவெளியும் வெப்பமும்

குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் இணைதிறன் பட்டையில் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றைக் கடத்துப் பட்டைக்கு உயர்த்தத் தேவைப்படும் குறைந்த ஆற்றலே ஆற்றல் இடைவெளி. எலக்ட்ரான் மேலேறும்போது அது விட்டுச்சென்ற வெற்றிடம் துளையாகச் செயல்படுகிறது. கதிர்வீச்சு படிகத்தில் ஆற்றலை இழக்கையில் எலக்ட்ரான்–துளை இணைகள் பிறக்கின்றன; மின்புலம் அவற்றை இருமுனைகளுக்கும் இழுத்துச் செல்ல, வெளிச்சுற்றில் ஒரு துடிப்பு தோன்றுகிறது. ஓர் இணையை உருவாக்க ஆகும் சராசரி ஆற்றல் இடைவெளியைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்கு இருக்கும். எஞ்சியது படிகத்தின் அதிர்வாக வீணாகிறது. ஜெர்மானியத்தில் இச்செலவு 2.96 எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானில் 3.6 எலக்ட்ரான் வோல்ட்.

இதிலிருந்து இடைவெளி குறுகியிருந்தால் இணைகள் மிகும், அளவீடு துல்லியமாகும் என்று தோன்றும். சீசியம்–137 உமிழும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர் ஜெர்மானியத்தில் முழுதும் அடங்கினால் ஏறத்தாழ 2,20,000 இணைகள் பிறக்கின்றன. அதே கதிர் சோடியம் அயோடைடில் ஒளியாக மாறி, ஒளிப்பெருக்கிக் குழாயின் முகப்பில் சில ஆயிரம் எலக்ட்ரான்களாகவே எஞ்சும். எண்ணிக்கை மிகுந்தால் ஏற்ற இறக்கம் குறையும். ஊகோ ஃபானோ 1947இல் காட்டியபடி, இணைகளின் பிறப்பு முற்றிலும் தன்னிச்சையானது அன்று என்பதால் ஏற்ற இறக்கம் எளிய புள்ளியியல் கூறுவதைவிடவும் குறைவு. ஜெர்மானியத்தில் அக்கதிரின் கோடு ஒன்றிரண்டு கிலோ எலக்ட்ரான் வோல்ட் அகலமே கொண்டிருக்க, சோடியம் அயோடைடில் அது நாற்பதைத் தாண்டுவதன் காரணம் இதுவே.

ஆயின் கதிர்வீச்சுக்கு எளிதாக வழிவிடும் குறுகிய இடைவெளி வெப்பத்திற்கும் வழிவிடும். அறை வெப்பத்தில் ஒரு கன சென்டிமீட்டர் ஜெர்மானியத்தில் வெப்பத்தால் மட்டும் விடுபட்ட எலக்ட்ரான்கள் ஏறத்தாழ 2.4×10¹³. சிலிக்கானில் அவை 10¹⁰ அளவு. இப்பெருவெள்ளத்தில் இரண்டு இலட்சம் இணைகளைத் தேடுவது வீண். உணர்கருவிப் படிகத்தின் வரலாறு முழுவதும் இம்முரணைச் சமாளிக்கும் முயற்சியாகவே அமைந்தது.

முதல் முயற்சிகள் இடைவெளி மிகுந்த படிகங்களை நாடின. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வான் ஹீர்டன் 1945இல் சமர்ப்பித்த ஆய்வேடு, குளிர்விக்கப்பட்ட வெள்ளிக் குளோரைடுப் படிகம் கதிர்களை எண்ணுவதைக் காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் வைரமும் காட்மியம் சல்பைடும் சோதிக்கப்பட்டன. பெல் ஆய்வகத்தின் மெக்கே 1949இல் ஜெர்மானியத்தையே கொண்டு ஆல்ஃபா துகள்களை எண்ணினார். அவர் கையாண்ட உத்தியே பின்னாளில் நிலைத்தது: படிகத்தில் எதிர்த்திசை மின்னழுத்தம் தந்து, தானாகத் திரியும் மின்னூட்டங்களைத் துடைத்தெடுத்த வெற்றுப் பகுதியொன்றை உருவாக்கி, அதையே உணர்பரப்பாக்குவது.

தூய்மையின் விலை

வெற்றுப் பகுதியின் தடிமன் படிகத்தின் தூய்மையைப் பொறுத்தது. மாசணுக்கள் மிகுந்தால் அது மெல்லிய தகடாகவே நிற்கும். ஆல்ஃபா துகளுக்கு அது போதும். பல சென்டிமீட்டர் ஊடுருவும் காமாக் கதிருக்குப் போதாது. பெல் 1960இல் லித்தியத்தைப் படிகத்தினுள் செலுத்தி மாசை ஈடுசெய்யும் முறையைக் கண்டார். 1963 அளவில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் டாவெண்டேலும் யூவனும் இவ்வழியில் உருவாக்கிய ஜெர்மானியக் கருவிகள் அணுக்கரு நிறமாலையியலையே மாற்றின. ஆனால் லித்தியம் அறை வெப்பத்தில் இடம்பெயரும். அக்கருவிகளைப் பயன்படுத்தாத நாட்களிலும் திரவ நைட்ரஜனிலேயே வைத்திருக்க வேண்டும். ஒருமுறை நைட்ரஜன் தீர்ந்தால் கருவியும் பாழ்.

இத்தொல்லையை 1970களில் தூய்மையே தீர்த்தது. அமெரிக்காவின் ஹால், ஹான்சன், ஹாலர் ஆகியோர் வளர்த்த உயர்தூய்மை ஜெர்மானியத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு மின்செயல்புரியும் மாசணுக்கள் 10¹⁰ அளவே இருந்தன. ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி ஜெர்மானிய அணுக்களுக்கு ஒரு மாசணு என்பது இதன் பொருள். இயங்கும்போது மட்டும் குளிர்வித்தால் போதும் என்ற நிலை வந்தது.

போடி மலைப் பாறையைச் சோதித்ததும் இத்தகைய படிகமே. நியூட்ரினோ ஆய்வகம் அமையவிருந்த போடி மேற்கு மலை சார்னோகைட் எனப்படும் பழம்பாறையால் ஆனது. (கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லால் பெயர்பெற்ற இப்பாறை சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கிடைப்பது.) பாறை மியூவானைத் தடுக்கும், ஆனால் அதுவே கதிரியக்கத் தன்மை உடையது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், புறக்கதிர்களைக் கவசத்தால் குறைத்து அமைத்த உயர்தூய்மை ஜெர்மானியக் கருவியின் முன் இப்பாறைத் துண்டுகள் வைத்து அளக்கப்பட்டன. பொட்டாசியம்–40இன் 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடு அதில் துலங்கியது. பாறையைக் கவசமாக மட்டும் கருதியவர்களுக்கு அது ஒரு கதிர்மூலமும் ஆகும் என்பதை எண்களால் உணர்த்தியது இப்படிகமே.

மாசே கருவியாதல்

போடி மலையில் வைக்க எண்ணிய மற்றொரு சோதனையில் ஜெர்மானியம் முற்றிலும் மாறான வேடம் ஏற்றது. வெள்ளீயம்–124 நியூட்ரினோ உமிழாமல் இரட்டைப் பீட்டாச் சிதைவுறுகிறதா என அறியும் முயற்சி அது. சிதைவில் வெளிப்படக்கூடிய 2.29 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை, தனிச்சுழியை ஒட்டிக் குளிர்வித்த வெள்ளீயத்தின் வெப்பநிலை உயர்வாக அளப்பது திட்டம். அதற்கான வெப்பமானி ஜெர்மானியத் துண்டே. இங்குத் தூய்மை வேண்டியதில்லை. அளவறிந்த, சீரான மாசு வேண்டும். அதற்காக ஜெர்மானியத் தகடுகள் டிராம்பேயின் துருவா அணு உலையில் நியூட்ரான்களுக்கு உட்படுத்தப்பட்டன. ஜெர்மானியம்–70 நியூட்ரானை ஏற்று இறுதியில் காலியமாகவும், ஜெர்மானியம்–74 ஆர்செனிக்காகவும் மாறுகின்றன. நியூட்ரான் படிகத்தை எங்கும் ஒரே சீராக ஊடுருவுவதால் மாசும் சீராகப் பரவுகிறது. வேகமான நியூட்ரான்கள் விளைக்கும் கட்டமைப்புச் சேதத்தைச் சூடேற்றி ஆற்ற வேண்டும். கெல்வினில் ஆயிரத்தில் சில பங்கு வெப்பநிலையில், எலக்ட்ரான்கள் பட்டைகளில் ஓடாமல் மாசணுவிலிருந்து மாசணுவுக்குத் தாவியே செல்கின்றன. வெப்பநிலை சிறிது உயர்ந்தாலும் மின்தடை பெரிதும் வீழ்கிறது.

அறை வெப்பத்தில் இயங்கும் படிகம்

திரவ நைட்ரஜனை விண்கலத்தில் ஏற்றிச் செல்வது எளிதன்று. குளிர்வித்தலை விடுத்து இடைவெளியை அகலமாக்கும் பழைய எண்ணம் 1960களில் காட்மியம் டெல்லூரைடோடு மீண்டது. துத்தநாகத்தைச் சேர்த்து இடைவெளியை மேலும் உயர்த்திய காட்மியம் துத்தநாக டெல்லூரைடு 1990களில் பரவலாயிற்று. பத்து விழுக்காடு துத்தநாகம் சேர்ந்தால் இடைவெளி ஏறத்தாழ 1.57 எலக்ட்ரான் வோல்ட். ஓர் இணைக்கான செலவு 4.6 எலக்ட்ரான் வோல்ட். துல்லியம் ஜெர்மானியத்தை எட்டாது. ஆனால் காட்மியத்தின் அணு எண் 48, டெல்லூரியத்தின் அணு எண் 52 ஆதலால் சில மில்லிமீட்டர் தடிமனே கடின எக்ஸ் கதிரை விழுங்கிவிடும்.

இப்படிகத்தின் குறை துளைகளிடம் உள்ளது. எலக்ட்ரான்கள் முனையை அடைந்துவிட, மெதுவாக நகரும் துளைகள் படிகக் குறைபாடுகளில் சிக்கி வழியிலேயே மடிகின்றன. துடிப்பின் அளவு கதிர் எவ்வாழத்தில் பட்டது என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. இதனைச் சரிசெய்ய, எலக்ட்ரானின் நகர்வை மட்டும் பதிவுசெய்யும்படி மின்முனைகளைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் உத்திகள் தோன்றின. படிகத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒளியியல் துணைநிற்கிறது. 1.57 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி 790 நானோமீட்டர் அலைநீளத்திற்கு இணை. அதனினும் நீண்ட அகச்சிவப்பு ஒளிக்கு இப்படிகம் கண்ணாடி போன்றது. அவ்வொளியில் நுண்ணோக்கியால் பார்த்தால், வளரும்போது உள்ளே அகப்பட்ட டெல்லூரியத் துணுக்குகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். உட்கவர் விளிம்பு எங்குள்ளது என்பதிலிருந்து துத்தநாகத்தின் விகிதத்தையும் கணிக்கலாம்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் இப்படிகத்தாலான 64 பகுதிகளைக் கொண்டு சென்றது. ஒவ்வொன்றும் நான்கு சென்டிமீட்டர் சதுரமும் ஐந்து மில்லிமீட்டர் தடிமனும் உடையது. 256 கட்டங்கள் கொண்டது. ஒரு கட்டத்தில் சிதறிய ஃபோட்டான் அடுத்த கட்டத்தில் அடங்குவதை இணைத்துப் பார்த்து நண்டு நெபுலாவின் கடின எக்ஸ் கதிர் முனைவாக்கத்தை இக்கருவி அளந்தது. கருவியின் வடிவமைப்பும் பகுப்பாய்வும் இந்தியருடையவை. படிகப் பகுதிகள் இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றிலிருந்து பெறப்பட்டவை.

தமிழகப் படிக வளர்ச்சியும் ஒரு விடுபாடும்

இச்செய்தி தமிழகத்தில் கூடுதல் கவனத்திற்குரியது. இந்தியாவில் படிக வளர்ச்சியைத் தனித்துறையாக வளர்த்தெடுத்ததில் அண்ணா பல்கலைக்கழகப் படிக வளர்ச்சி மையத்திற்குப் பெரும்பங்கு உண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து பெ. இராமசாமியின் தலைமையில் அங்குப் பயின்றவர்கள் மாநிலமெங்கும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்குழுக்களை அமைத்தனர். சங்கரநாராயணனும் இராமசாமியும் 2005இல் வெளியிட்ட ஒருதிசைக் கரைசல் வளர்ச்சி முறை அவ்விருவர் பெயராலேயே உலக இலக்கியத்தில் வழங்குகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அதன் இணைப்புக் கல்லூரிகளிலும் எழுந்த படிக ஆய்வேடுகள் பல.

இவ்வளவு செழித்த மரபிலிருந்து உணர்கருவிக்கான குறைகடத்திப் படிகம் ஏன் வரவில்லை? ஆர்வக் குறைவைக் காரணம் காட்டுவது தவறு. தமிழகக் குழுக்களின் பெரும்பகுதி வேலை கரைசலிலிருந்து, அறை வெப்பத்தை ஒட்டிய நிலையில், நேரிலா ஒளியியற் படிகங்களை வளர்ப்பதாக இருந்தது. நீர்த்தொட்டியும் துல்லிய வெப்பக் கட்டுப்பாடும் பொறுமையும் உள்ள கல்லூரி ஆய்வகமே அதற்குப் போதும். காட்மியம் டெல்லூரைடு உருகுவது 1,092 டிகிரி செல்சியஸில். அவ்வெப்பத்தில் காட்மியம் ஆவியாகிப் பிரிய முயலும். அதன் ஆவி நச்சு. மூலப்பொருள்களில் மாசு கோடியில் ஒரு பங்கிற்கு மிகலாகாது. ஐதராபாத்தின் மின்னணுப் பொருள்கள் தொழில்நுட்ப மையம் இத்தகைய தூய்மையில் காட்மியத்தையும் டெல்லூரியத்தையும் ஆக்கியுள்ளது. ஆயினும் தூய மூலப்பொருளுக்கும் குறைபாடற்ற பெரிய ஒற்றைப் படிகத்திற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு.

மேலும், இரு துறைகளிலும் தரத்தை அளக்கும் கோல் வேறு. நேரிலா ஒளியியற் படிகத்தின் மதிப்பு அதன் ஒளி ஊடுருவலிலும் அலைநீள மாற்றத்திறனிலும் உள்ளது. அவற்றை ஆய்வேட்டுக் காலத்திற்குள் அளந்து வெளியிடலாம். உணர்கருவிப் படிகத்தின் மதிப்போ மின்னூட்டத்தின் நகர்திறனையும் வாழ்நாளையும் பெருக்கிவரும் ஓர் எண்ணில் அடங்கும். அவ்வெண்ணை உயர்த்த நூற்றுக்கணக்கான வளர்ப்புச் சுற்றுகள் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை தோல்வியாகவே முடியும். தோல்விகளை வெளியிட இடமில்லாத ஆய்வுச் சூழலில் இவ்வழியை ஒரு கல்லூரி ஆசிரியர் தேர்ந்தெடுப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. நீண்டகால நிதியும் பயன்படுத்துவோரின் உறுதியும் இருந்தவிடத்தில் நிலை வேறாக இருந்தது. செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். கருவிக்கு பாபா அணு ஆராய்ச்சி மையமும் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இணைந்து ஆயிரம் அளவிலான சிலிக்கான் பட்டை உணர்கருவிகளை உருவாக்கித் தந்தமை இதற்குச் சான்று.

மதுரையில் சிலிக்கான்

இந்திய நியூட்ரினோ ஆய்வகத்திற்கு முதலில் நீலகிரியின் சிங்காரா தேர்வாகியிருந்தது. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அண்மை காரணமாக 2009இல் அது கைவிடப்பட்டு, தேனி மாவட்டம் பொட்டிப்புரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அனைத்துத் திசையிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறை, அதனடியில் ஏறத்தாழ 50,000 டன் காந்த இரும்பு, இரும்பு அடுக்குகளுக்கிடையே கண்ணாடித் தகடுகளாலான வாயு உணர்கருவிகள் ஏறத்தாழ 29,000 என்பது திட்டம். ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதல் 2015 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பணியை நிறுத்திவைத்தது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை இடைநிறுத்தியது. 2018 மார்ச்சில் புதிய அனுமதி வந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலையும் புலிகளின் வழித்தடத்தையும் சுட்டி, திட்டத்தை ஏற்க இயலாதெனத் தன் நிலையை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இவ்வழக்குகளுக்கு இடையிலும் மதுரையில் ஆய்வு நடந்தது. உயர் ஆற்றல் இயற்பியலுக்கான கூட்டு மையத்தின் தற்காலிக வளாகத்தில் 2018 முதல் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரிக் கருவி இயங்குகிறது. நான்கு மீட்டர் சதுரமான 11 இரும்பு அடுக்குகளும் இடையே 10 உணர்அடுக்குகளும் கொண்ட அதன்மீது நொடிக்கு இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட மியூவான்கள் விழுகின்றன. இம்மாதிரியைச் சூழ ஒரு மியூவான் விலக்குக் கருவியை அமைக்கும் திட்டம் இங்கேதான் உருவாயிற்று. அதன் பின்னுள்ள கணக்கு எளிமையானது. ஒரு கிலோமீட்டர் பாறை மியூவான்களைப் பத்து இலட்சத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. நூறு மீட்டர் பாறை நூற்றில் ஒன்றாகவே குறைக்கும். வரும் மியூவான்களில் 99.99 விழுக்காட்டை அடையாளம் காணும் கருவி இருந்தால், பத்தாயிரத்தில் ஒன்றே தப்பும். நூறு மீட்டர் பாறையும் அக்கருவியும் சேர்ந்து ஒரு கிலோமீட்டர் பாறைக்கு ஈடாகும். அவ்வாறாயின் ஆழமான மலையைத் தேட வேண்டிய கட்டாயமே தளர்ந்துவிடும்.

மியூவானை இங்கு முதலில் உணர்வது படிகமன்று. ஐந்து சென்டிமீட்டர் அகலமும் நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள நெகிழிப் பட்டைகள், மியூவான் கடக்கும்போது நீல ஒளியாக மினுக்குகின்றன. பட்டையினுள் செல்லும் இழைகள் அந்நீலத்தை உட்கவர்ந்து பச்சையாக மாற்றி இருமுனைகளுக்கும் கடத்துகின்றன. ஒவ்வோர் இழைமுனையிலும் இரண்டு மில்லிமீட்டர் சதுரச் சிலிக்கான் ஒளிப்பெருக்கி ஒன்று காத்திருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 3,000. கோலாரில் 1965இல் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட கருவியிலும் ஒளிரும் நெகிழிகளே இருந்தன; அவற்றின் ஒளியைக் கண்டவை கையளவு பெரிய வெற்றிடக் குழாய்கள். அக்குழாய்களின் இடத்தைப் படிகம் பிடித்தது.

சிலிக்கானின் ஒளியியற் பண்பு இங்கு நேரடியாகப் பயன் தருகிறது. அதன் இடைவெளி மறைமுகமானது. அகச்சிவப்பு ஃபோட்டான் நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் ஊடுருவிய பிறகே அடங்கும். நீலமும் பச்சையுமான ஒளியின் பெரும்பகுதியோ ஒரு மைக்ரோமீட்டர் அளவான ஆழத்திற்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் வலிய மின்புலத்தை அமைத்தால் போதும். ஐம்பது மைக்ரோமீட்டர் சதுரக் கட்டங்கள் ஆயிரத்திற்கு மேற்பட்டவை ஒரு துண்டில் அடங்கியுள்ளன. முறிவு மின்னழுத்தமான ஏறத்தாழ 53 வோல்ட்டிற்குச் சற்று மேலே அவை நிறுத்தப்படுகின்றன. ஒரே ஃபோட்டான் விடுவிக்கும் ஒரே எலக்ட்ரான் சரிவாகப் பெருகிப் பத்து இலட்சத்திற்கு மேலாகிறது. உடனே கட்டத்தோடு இணைந்த மின்தடை அச்சரிவை அணைக்கிறது. இக்கட்டமைப்பு 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் சோவியத் நாட்டு ஆய்வாளர்களின் கைகளில் உருப்பெற்றது.

வெப்பம் இங்கும் விடுவதில்லை. இருளில் வைத்தாலும் சிலிக்கானில் வெப்பம் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கக்கூடும். அதுவும் ஃபோட்டானைப் போலவே சரிவாகப் பெருகும். இவ்விருள்துடிப்பு வெப்பநிலை பத்து டிகிரி அளவு உயர்ந்தால் இருமடங்காகும். முறிவு மின்னழுத்தமும் டிகிரிக்கு 54 மில்லிவோல்ட் வீதம் உயர்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தொடும் மதுரையில் பத்து டிகிரி மாற்றம் புதிதன்று. அது அரை வோல்ட்டிற்கு மேற்பட்ட பெயர்ச்சி. முறிவுக்கு மேல் மூன்று வோல்ட்டில் இயக்கினால் பெருக்கம் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும் அளவு மாறிவிடும். எனவே மின்னழுத்தத்தை வெப்பநிலைக்கேற்ப இடைவிடாது திருத்த வேண்டும் அல்லது அறையின் வெப்பத்தை நிலைநிறுத்த வேண்டும். ஒற்றை ஃபோட்டான் தரும் துடிப்பை அவ்வப்போது அளந்து கருவியைச் சரிபார்ப்பதும் அதனால்தான். இருள்துடிப்புகளை ஒதுக்க, ஒரே ஃபோட்டானுக்குரிய துடிப்புகளை விலக்கும் அளவுக்கு வாயில் உயர்த்தப்படுகிறது. பல அடுக்குப் பட்டைகள் ஒரே கணத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்ற விதியும் சேர்க்கப்படுகிறது. வாயிலை மிக உயர்த்தினால் மெய்யான மியூவான் தப்பும். மிகத் தாழ்த்தினால் பொய்யான விலக்கு மிகுந்து நியூட்ரினோ நிகழ்வுகளும் தள்ளுபடியாகும்.

99.99 விழுக்காடு எட்டப்பட்டாலும் ஒரு வினா எஞ்சுகிறது. கருவிக்கு வெளியே பாறையில் அடங்கிவிடும் மியூவான், அங்கு நியூட்ரான் போன்ற மின்னூட்டமற்ற துகள்களைப் பிறப்பிக்கக்கூடும். அவை நெகிழிப் பட்டைகளை ஒளி எழுப்பாமல் கடந்து இரும்பினுள் வினைபுரிந்தால், நியூட்ரினோவின் நிகழ்வு போலவே தோன்றும். சிலிக்கானின் திறன் எவ்வளவு உயர்ந்தாலும் இவற்றைக் காணாது. ஆழங்குறைந்த இடத்தை முன்மொழிந்த ஆய்வுகள் இப்பின்புலத்தைக் கணினிப் போன்மைகளால் மதிப்பிட முயன்றுள்ளன. உடன்வரும் மியூவானோ வேறு மின்னூட்டத் துகளோ பட்டைகளைத் தொடும் வாய்ப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தே நூறு மீட்டர் பாறை போதுமா என்ற விடை அமையும். மதுரைச் சமவெளியில், தலைக்குமேல் பாறையே இல்லாத மாதிரிக் கருவி தரக்கூடிய அளவீடு விலக்கும் திறனைப் பற்றியதே. பாறையில் பிறக்கும் துகள்களை அளக்க, நூறு மீட்டர் ஆழத்திலேயே ஒரு கருவி தேவைப்படும்.